காணாமல் போன நாழிகை

முன்னொரு காலத்தில், நேரத்தைச் செம்புக் கிண்ணத்தில் அளந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு நாட்டில் செங்கோடவர்மன் என்றொரு மன்னர் இருந்தார். நல்ல மனிதர். குடிமக்கள் மேல் பிரியம் உள்ளவர். அவரிடம் இருந்த குறைகள் இரண்டே இரண்டு. ஒன்று, பசி தாங்கமாட்டார். இன்னொன்று, கணக்கு என்றால் அவருக்குப் பயம். யாராவது நான்கு எண்களை அடுத்தடுத்துச் சொல்லிவிட்டால், புரிந்த மாதிரித் தலையை ஆட்டிவிடுவார். ராஜாவாகப் பிறந்தவர் சபை நடுவே "எனக்குப் புரியவில்லை" என்று சொல்ல முடியுமா?

பசி தாங்காதவருக்கு வாய்த்ததோ ஒரு பசி விரதம். அரண்மனையிலிருந்து பன்னிரண்டு கூப்பிடு தூரத்தில் ஒரு மலை, அதன் உச்சியில் குமரன் கோயில். ஒருவர் கூவினால் மற்றவருக்குக் கேட்கிற தூரம் ஒரு கூப்பிடு. வழி நெடுகக் கூப்பிடுக்கு ஒன்றாகக் கல் நட்டிருந்தார்கள். அந்தக் கோயிலில் காலையில் படைக்கும் பொங்கலைச் சாப்பிட்ட பிறகுதான் மன்னர் வாயில் வேறு பருக்கை படலாம் என்பது அந்த வம்சத்து வழக்கம். மன்னரின் முப்பாட்டனார் ஏதோ ஒரு போரில் ஜெயித்த சந்தோஷத்தில் வேண்டிக்கொண்டது அது. அவருக்கென்ன, வேண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். பட்டினி கிடப்பவர் இவர்.

பொங்கலைக் கொண்டுவரும் வேலை பேச்சிமுத்துவுடையது. ஒல்லியான ஆள், நீளமான கால்கள், அதிகம் பேசமாட்டான். சூரியன் தலைகாட்டும்போது காலித் தூக்குப் பாத்திரத்தோடு புறப்படுவான். மலை உச்சியில் பொங்கல் தயாராக இருக்கும். வாங்கிய கையோடு திரும்பி இறங்குவான். அரண்மனை வாசலில் ஓர் அண்டா நிறையத் தண்ணீர், அதில் அடியில் ஊசித் துளையிட்ட ஒரு செம்புக் கிண்ணம் மிதக்கும். துளை வழியே நீர் ஏறிக் கிண்ணம் முங்கினால் ஒரு நாழிகை. சேவகன் மணியடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி மிதக்க விடுவான். ஒன்பதாவது மணி அடிக்கும்போது பேச்சிமுத்து வாசலில் நிற்பான். மூன்று வருஷமாக மழையானாலும் வெயிலானாலும் அது மாறியதில்லை. மேல்மாடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் வரும் பாதையையே பார்த்திருப்பார் மன்னர்.

சாமி சோறு, அதிலும் ராஜா சாப்பிடும் சோறு. யாரோ எவரோ தூக்கிவர விட்டுவிடுவார்களா? சபையில் உள்ள ஒருவர் பிணை ஓலை எழுதித் தர வேண்டும். கொண்டுவருபவன் தப்புச் செய்தால், அவனோடு பிணை நின்றவரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். பேச்சிமுத்து வேலை கேட்டு வந்தபோது பெரிய மனிதர்கள் எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிணை நின்றவர் விகடர் தாண்டவராயர் ஒருவர்தான்.

தாண்டவராயருக்குப் பெயர்தான் தாண்டவம். ஆள் இடத்தைவிட்டு நகர்வதே அபூர்வம். மன்னரைச் சிரிக்க வைப்பது அவர் வேலை, சாப்பிடுவது அவர் சந்தோஷம். "முன்பின் தெரியாதவனுக்கு எப்படிப் பிணை நின்றீர்?" என்று மன்னர் கேட்டதற்கு, "மகாராஜா, இவ்வளவு வேகமாக ஓடத் தெரிந்தவன் திருடனாக இருந்தால் பிழைப்பு நன்றாகவே நடக்குமே. இங்கே வந்து ஏன் வேலை கேட்டு நிற்கப் போகிறான்?" என்றார். மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஒருவருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

அவர் சம்பிரதி ஏகாம்பரநாதர். அரண்மனைக் கணக்குக்கெல்லாம் தலைவர். அவர் பேசினால் மன்னர் தலையை ஆட்டுவார், தாண்டவராயர் பேசினால் மன்னர் சிரிப்பார். இதுதான் அவருக்கு நெஞ்சில் தைத்த முள். தலையாட்டலும் சிரிப்பும் ஒன்றாகுமா? அந்த விகடரை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று மூன்று வருஷமாகச் சமயம் பார்த்திருந்தவர், ஒருநாள் பொங்கலைச் சாப்பிட்டு மன்னர் சபைக்கு வந்து அமர்ந்ததும் முன்னால் வந்து நின்றார்.

"மகாராஜா! தங்களைத் தினந்தோறும் வீணாகப் பட்டினி போடுகிறவன் ஒருவன் இந்த அரண்மனையில் இருக்கிறான்."

பட்டினி என்ற சொல் காதில் விழுந்ததும் மன்னர் நிமிர்ந்தார். "யார் அவன்?"

"பொங்கல் கொண்டுவரும் பேச்சிமுத்து. வழியில் ஆட்களையும் கிண்ணத்தையும் வைத்து அளந்துவிட்டேன். அவன் மலைக்குப் போகும்போது நாழிகைக்கு இரண்டு கூப்பிடு தூரம் கடக்கிறான். திரும்பி வரும்போது நாழிகைக்கு நான்கு கூப்பிடு. இரண்டும் நான்கும் ஆறு."

மன்னர் தலையை ஆட்டினார்.

"ஆறில் பாதி மூன்று. ஆகவே போக வர அவனுடைய வேகம் நாழிகைக்கு மூன்று கூப்பிடு."

மன்னர் மறுபடியும் ஆட்டினார்.

"மொத்தத் தூரம் இருபத்து நான்கு கூப்பிடு. அதை மூன்றால் வகுத்தால் எட்டு. எட்டு நாழிகையில் வர வேண்டியவன் ஒன்பதில் வருகிறான், மகாராஜா. ஒரு நாழிகையைக் காணோம்!"

ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. "அப்படியானால் தினமும் ஒரு நாழிகை நான் சும்மா பசித்துக் கிடந்தேனா?"

"மூன்று ஆண்டுகளாக. ஆயிரம் நாழிகைக்கும் மேல்." சம்பிரதி குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு நாழிகை அவன் என்ன செய்கிறான் என்று நான் சொல்ல வேண்டுமா? மரநிழல் இருக்கிறது. கையில் சூடான பொங்கல் இருக்கிறது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும்."

சபை 'ஐயோ' என்றது. சாமி பொங்கலில் ராஜாவுக்கு முன்னால் கைவைத்தவன் என்றால் சாதாரணக் குற்றமா? பேச்சிமுத்துவை அழைத்துவந்து நிறுத்தினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் எங்கயும் உக்காரலைங்க மகராசா. வழியில தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. வேலை வேண்டாம்னா சொல்லுங்க, போயிடுறேன். ஊரை விட்டுப் போன்னாலும் போறேன். சாமி சோத்துல கை வச்சவன்னு மட்டும் சொல்லாதீங்க. அந்தப் பேரோட என் புள்ளைங்க எங்க போய் நிக்கும்?"

தாண்டவராயர் முன்னால் வந்தார். "மகாராஜா, சம்பிரதியார் கணக்கில்..."

"வேண்டாம்!" மன்னர் கையைத் தூக்கினார். "தாண்டவராயரே, நீரும் எண்களை எடுத்துக்கொண்டு வராதீர். ஒரே நாளில் இரண்டு பேர் கணக்கை என்னால் தாங்க முடியாது. ஒரு நாழிகை காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதானே? அதைத் தேடிப் பிடித்து நாளைக்குச் சபைக்குக் கொண்டுவாரும். என் கண்ணால் நான் பார்க்க வேண்டும். கணக்குப் பேசக் கூடாது. முடியாவிட்டால்..." மன்னர் தாண்டவராயர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். "முடியாவிட்டால் பிணை ஓலையில் உள்ளபடி இரண்டு பேரும் எல்லை தாண்ட வேண்டியதுதான். வழக்கம் வழக்கம்தான்."

தொலைந்த நாழிகையைப் பிடித்துக் கொண்டுவா என்கிறார்! தொலைந்த மாடு என்றால் கழுத்து மணியாவது கேட்கும். ராஜாக்களுக்கு ஆசை வந்தால் இப்படித்தான். பல வருஷமாகத் தாண்டவராயர் பார்த்துவருகிறாரே. அவர் கும்பிட்டுவிட்டு, பேச்சிமுத்துவைக் கையோடு அழைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் அவர் மனைவி செண்பகவல்லி முறத்தை மடியில் வைத்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கணவர் சொல்ல, கையை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு பேச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, மலைக்குப் போய்ச் சேர உனக்கு எத்தனை நாழி ஆகுது?"

"ஆறுங்கம்மா."

"திரும்பி வர?"

"மூணுங்க."

"ஆறும் மூணும் ஒம்பது. ஒம்பதுலதானே வர்றே? இதுல என்ன காணாமப் போச்சு?"

தாண்டவராயர் தட்டிலிருந்து எடுத்த முறுக்கைக் கடிக்காமல் நின்றார். "அதெப்படி? சம்பிரதி ரெண்டையும் நாலையும் கூட்டிப் பாதியாக்கினாரு. எட்டு வந்துச்சே?"

"அவரு எதுக்கு வேகத்தைப் போய்க் கூட்டுறாரு? மொத்தம் எவ்வளவு தூரம், மொத்தம் எவ்வளவு நேரம்னு பாத்து, தூரத்தை நேரத்தால வகுத்தா வேகம். இருபத்திநாலை ஒம்பதால வகுங்க. ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கொறச்சலா வரும். மூணு எங்கேருந்து வந்துச்சு?"

"அதான் எங்கேருந்து வந்துச்சு?"

"என்னங்க நீங்க!" அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஆறு கரண்டி வேப்பம்பூ ரசமும் மூணு கரண்டி பாயசமும் உங்களுக்கு ஊத்திட்டு, ரெண்டும் சரிக்குச் சரின்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?"

"பாயசத்தைக் கொறைச்சிட்டு எப்படி ஒத்துக்கிறது?"

"அப்படித்தான் இதுவும். மெதுவா ஏறுனது ஆறு நாழி. வேகமா எறங்குனது மூணே நாழி. மெதுவுதான் ஜாஸ்தி. சம்பிரதி ரெண்டையும் சரிபாதியா எடுத்துக்கிட்டாரு. அவரு எப்பவாவது மலையேறி இருந்தா தெரிஞ்சிருக்கும்."

பேச்சிமுத்து அவள் காலில் விழப்போனான். தாண்டவராயர் தடுத்து நிறுத்தினார். அவர் முகம் தெளியவில்லை. உண்மை கையில் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் எண்களை வாயில் எடுக்கக் கூடாது என்பது ராஜ உத்தரவு. எடுத்தாலும், சம்பிரதியின் ஓலைக் கணக்குக்கு எதிரே உளுந்து புடைக்கும் முறத்துக் கணக்கை யார் மதிப்பார்கள்? கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் காலால்தான் காட்ட வேண்டும் என்று வெகு நேரம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"பேச்சிமுத்து, நாளைக்கும் எப்பவும் போலப் போ, எப்பவும் போல வா. கூட ஒரு அடி வேண்டாம், கொறைய ஒரு அடி வேண்டாம். மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சிமுத்து போனான். ஆனால் அவன் மனசு கேட்கவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் தாண்டவராயர் சபா மண்டபத்துக்கு வந்துவிட்டார். அதுவே சேவகர்களுக்கு அதிசயம். வாசற்படியிலிருந்து சிம்மாசனம் வரை தரையில் பாவியிருந்த பெரிய கற்களை ஒவ்வொன்றாக மிதித்து எண்ணினார். பன்னிரண்டு. திரும்ப எண்ணினார். அப்போதும் பன்னிரண்டுதான். முரசடிப்பவரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். பிறகு மூச்சு வாங்க ஒரு தூணில் சாய்ந்து நின்றார். மன்னர் அன்று பொங்கலுக்குக் காத்திராமல் முன்னதாகவே வந்து அமர்ந்தார். சம்பிரதி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வந்தார். வாசலில் எட்டாவது மணி அடித்தது.

மணிச் சத்தம் ஓய்வதற்குள் பேச்சிமுத்து உள்ளே வந்தான். வந்தான் என்பதைவிட விழுந்தான் என்பது சரி. முழங்கால் இரண்டும் சிராய்த்து ரத்தம். முதுகு முழுக்கப் புழுதி. இடது கணுக்கால் வீங்கியிருந்தது. தூக்கை மட்டும் மார்போடு கட்டிப் பிடித்திருந்தான். ஒரு பருக்கை சிந்தவில்லை.

"என்னடா இது?" தாண்டவராயர் ஓடிப்போய்த் தாங்கினார். அவர் ஓடியதை அந்தச் சபை அன்றுதான் பார்த்தது.

"எறங்கையில முழு மூச்சா ஓடியாந்தேங்கய்யா. நாழிக்கு ஆறு கூப்பிடு. ஒம்பதாங் கல்லுகிட்ட வழுக்கிருச்சு. தூக்கு கவிழக் கூடாதுன்னு மல்லாக்க விழுந்துட்டேன். எனக்காக நீங்க நாட்டை விட்டுப் போகக் கூடாதுங்க. எட்டுல வந்துட்டேன், பாருங்க."

தாண்டவராயருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. மனிதரைச் சிரிக்க வைத்தே பிழைத்தவர், குனிந்து மேல்துண்டால் அவன் முழங்காலைத் துடைத்தார்.

சம்பிரதிக்கோ வெல்லக்கட்டி கிடைத்த மாதிரி. "பார்த்தீர்களா, மகாராஜா! அடியாத மாடு படியாது. மிரட்டியதும் எட்டில் வருகிறான். இத்தனை நாள் வரவில்லையே!"

மன்னர் முகம் இருண்டது. அத்தோடு சம்பிரதி வாயை மூடியிருந்தால் தாண்டவராயர் பாடு திண்டாட்டம்தான். ஆனால் எண்களைக் கண்டால் கூட்டாமல் இருக்க முடியாத மனிதராயிற்றே அவர்.

"அது மட்டுமா? இன்று இறங்கும்போது நாழிகைக்கு ஆறு கூப்பிடு என்று அவனே சொல்கிறான். ஏறும்போது இரண்டு. இரண்டும் ஆறும் எட்டு. அதில் பாதி நான்கு. இருபத்து நான்கை நான்கால் வகுத்தால் ஆறு! ஆறு நாழிகையில் வந்திருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு நாழிகையைக் காணோம்!"

மன்னர் தலையை ஆட்டவில்லை. பேச்சிமுத்துவின் முழங்காலைப் பார்த்தார், பிறகு சம்பிரதியைப் பார்த்தார்.

"சம்பிரதியாரே, நேற்று வழக்கம்போல் வந்தான், ஒரு நாழிகை திருட்டு. இன்று விழுந்தடித்து ரத்தம் சிந்தி முன்னதாக வந்திருக்கிறான், இரண்டு நாழிகை திருட்டா?"

"கணக்கு அப்படித்தான் சொல்கிறது, மகாராஜா."

"அப்படியானால் இவன் இன்னும் வேகமாக ஓடினால் இன்னும் பெரிய திருடன் ஆவானோ?"

சம்பிரதி வாயைத் திறப்பதற்குள் தாண்டவராயர் எழுந்து நின்றார். "மகாராஜா, காணாமல் போன நாழிகையைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்தச் சபையில்தான் இருக்கிறது. தங்கள் உத்தரவுப்படி கண்ணாலேயே காட்டுகிறேன். ஆனால் சம்பிரதியார் கொஞ்சம் நடக்க வேண்டும்."

"நானா? எதற்கு?"

"இதோ வாசற்படி, அதுதான் அரண்மனை. அதோ சிம்மாசனம், அதுதான் மலை. நடுவே பன்னிரண்டு கல். ஒரு கல் ஒரு கூப்பிடு. முரசில் ஓர் அடி விழுந்தால் ஒரு நாழிகை. போகும்போது அடிக்கு இரண்டு கல், வரும்போது அடிக்கு நான்கு கல். பேச்சிமுத்து எப்போதும் போவது போலவே போய் வாருங்கள். எத்தனை அடியில் திரும்பி வருவீர்கள்?"

"எட்டு" என்றார் சம்பிரதி. "கணக்கு ஒருநாளும் பொய்க்காது."

முரசு ஒலித்தது. சம்பிரதி மிடுக்காக நடந்தார். ஓர் அடிக்கு இரண்டு கல், இன்னோர் அடிக்கு இரண்டு கல். சிம்மாசனத்தை அவர் தொட்டபோது ஆறு அடிகள் ஆகியிருந்தன. திரும்பும்போது நடந்தால் போதாது என்று தெரிந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஏழாவது அடி. எட்டாவது அடி.

"நில்லுங்கள்!" என்றார் தாண்டவராயர். "மகாராஜா, எட்டு அடித்துவிட்டது. சம்பிரதியார் இன்னும் மலைப்பாதையிலேயே நிற்கிறார்."

வாசற்படிக்கு இன்னும் நான்கு கல் மீதி இருந்தது. ஒன்பதாவது அடியில்தான் அவர் போய்ச் சேர்ந்தார்.

"காவலர்களே, வாசலை மூடுங்கள்!" தாண்டவராயர் குரல் மண்டபத்தை நிறைத்தது. "ஒரு நாழிகையைக் காணோம்! போய் வந்தவர் ஒரே ஒருவர். அவர் மடியைச் சோதியுங்கள்!"

காவலர்கள் மன்னரைப் பார்த்தார்கள். மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டு "ம்" என்றார். மடியில் வெற்றிலைப் பை இருந்தது, எழுத்தாணி இருந்தது, பாதி கடித்த அதிரசம் ஒன்று இருந்தது. தலைப்பாகையை அவிழ்த்து உதறினார்கள். நாழிகை விழவில்லை.

"எங்கே ஒளித்தீர்கள், சம்பிரதியாரே? எந்த மரத்தடியில் உட்கார்ந்தீர்கள்? எதைத் திறந்து சாப்பிட்டீர்கள்?"

"நான் எங்கும் உட்காரவில்லை!" சம்பிரதி கத்தினார். "சத்தியமாக எங்கும் நிற்கக்கூட இல்லை!"

தாண்டவராயர் குரலை இறக்கினார். "இதைத்தான் நேற்று இதே இடத்தில் நின்று ஒருவன் சொன்னான். உங்களுக்குத்தான் கேட்கவில்லை."

சம்பிரதி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, முரசடிப்பவன் தாளம் தப்பியிருப்பான் என்று முணுமுணுத்தார். மன்னருக்கு அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தில் வைத்துவிட்டு இறங்கி, வாசற்படிக்குப் போய் நின்றார். "அடிக்கட்டும் முரசு. நானே பார்க்கிறேன்."

அடிக்கு இரண்டு கல்லாக மன்னர் நடந்தார். திரும்பும்போது பட்டாடையைச் சுருட்டிக்கொண்டு அடிக்கு நான்கு கல்லாக ஓடினார். ஒன்பதாவது அடியில் வாசற்படியை மிதித்து, மூச்சு வாங்க நின்றார். பக்கத்தில் வீங்கிய காலோடு நிற்க முடியாமல் பேச்சிமுத்து உட்கார்ந்திருந்தான்.

"ஒன்பது!" மன்னர் தம் இடுப்பைத் தாமே தடவிப் பார்த்துக்கொண்டார். "என் மடியிலும் இல்லை. தாண்டவராயரே, நானும் திருடன்தானா?"

"இந்த வழியில் போய் வருகிற எல்லாரும் திருடர்தான், மகாராஜா, சம்பிரதியாரின் ஓலைப்படி! நாழிகை காணாமல் போகவே இல்லை. அது எப்போதும் பேச்சிமுத்துவின் காலடியில்தான் இருந்தது. என் வீட்டுக்காரி சொன்னாள்: ஆறு கரண்டி வேப்பம்பூ ரசமும் மூன்று கரண்டி பாயசமும் ஊற்றிவிட்டு, இரண்டும் சரிபாதி என்று சொன்னால் ஒத்துக்கொள்ள முடியுமா? இவன் மெதுவாக ஏறியது ஆறு நாழிகை. வேகமாக இறங்கியது மூன்றே நாழிகை."

"பாயசமா? அடடா!" மன்னர் முகம் மலர்ந்தது. "இதை நேற்றே சொல்லியிருந்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்குமே!"

"நேற்று வாயைத் திறக்க விட்டால்தானே, மகாராஜா!"

மன்னர் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. சம்பிரதி மட்டும் தரையில் குந்தி, விரலால் கோடு போட்டு, வேகத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கூட்டிப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கணக்கை மனிதர்களைவிட அதிகம் நம்பிவிட்டவர், அதில் கொஞ்சம் பொறாமையும் கலந்துவிட்டது. எழுந்து வந்து, உதறிப் போட்ட தம் தலைப்பாகைத் துணியைக் கிழித்து, பேச்சிமுத்துவின் கணுக்காலில் கட்டினார்.

"தப்பு என்னுடையதப்பா. உன்னை அளக்க ஆள் வைத்தேன். உன்னோடு ஒருநாள் ஏறிப் பார்த்திருக்க வேண்டும்."

மன்னர் தூக்கைத் திறந்தார். அன்றைய பொங்கலின் முதல் கைப்பிடியைத் தம் கையாலேயே எடுத்து, எல்லாரும் பார்க்கப் பேச்சிமுத்துவின் கையில் வைத்தார். அவன் வாங்கிக்கொண்டு அழுதான். பிறகு மன்னர் தீர்ப்புச் சொன்னார்: பேச்சிமுத்துவின் கால் ஆறும்வரை பொங்கல் கொண்டுவரும் வேலை சம்பிரதியாருடையது.

"மகாராஜா," தாண்டவராயர் அவசரமாகக் குறுக்கிட்டார், "இது அவருக்குத் தண்டனையா, தங்களுக்கா? அவர் போய் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்."

மன்னர் திகைத்துப்போய் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கடைசியில், கால் ஆறும்வரை தாமே மலைக்குப் போய்ச் சாப்பிடுவதென்று முடிவு செய்தார். சம்பிரதியும் கூட நடந்தார். தாண்டவராயர் மாட்டு வண்டியில் பின்னால் வந்தார். ஆறாவது கல்லில் மன்னர் உட்கார்ந்துவிட்டார். நாக்கு வறண்டது, தொடை கடுத்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "பேச்சிமுத்து எந்தக் கல்லில் உட்காருவான்?"

"எந்தக் கல்லிலும் இல்லை, மகாராஜா" என்றார் சம்பிரதி.

அங்கேயே உத்தரவு பிறந்தது. ஆறாவது கல் அருகே நிழலுக்குக் கொட்டகை, உட்காரப் பலகை, குடிக்கத் தண்ணீர்ப் பானை. இனிமேல் பொங்கல் வந்துசேர வேண்டியது பத்தாவது மணிக்கு. கூடுதலான அந்த ஒரு நாழிகை பேச்சிமுத்துவுக்கே சொந்தம், அவன் அங்கே உட்கார்ந்து இளைப்பாற வேண்டும். எந்த நாழிகையைத் திருடினான் என்றார்களோ அதே அளவை மன்னரே அவனுக்கு எழுதிக் கொடுத்தார். தம் பசியிலிருந்து எடுத்துத்தான் கொடுத்தார்.

பதினைந்து நாளில் கால் ஆறியது. பேச்சிமுத்து மறுபடியும் தூக்கோடு புறப்பட்டான். மன்னர் பத்தாவது மணிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பதாவது மணிக்கே வாசலில் வந்து நின்றான் அவன்!

"எங்கே?" மன்னர் மாடத்திலிருந்து இறங்கி வந்து அதட்டினார். "நான் கொடுத்த நாழிகை எங்கே? மறுபடியும் ஒரு நாழிகையைக் காணோமே!"

பேச்சிமுத்து தலையைச் சொறிந்தான். "உக்காந்தேங்க மகராசா. உத்தரவாச்சேன்னு உக்காந்தேன். ரெண்டு வாய் தண்ணி குடிச்சேன். அதுக்குள்ள நீங்க வயித்தைப் புடிச்சிக்கிட்டு மாடத்துல நிக்கிற மாதிரியே கண்ணுக்குள்ள வந்துச்சுங்க. இருப்புக் கொள்ளலை. எந்திரிச்சு, உக்காந்த நேரத்துக்கும் சேத்து ஓடியாந்துட்டேன்."

மன்னரின் கண்கள் கலங்கியதைச் சம்பிரதி பார்த்தார், பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார். தாண்டவராயர்தான் தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, ஒரு நாழிகை கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஓடத் தெரிந்தவனுக்கு உட்காரத் தெரியவில்லை. உட்காருவதில் என்னை மிஞ்ச இந்த நாட்டில் ஆளில்லை என்பது தங்களுக்கே தெரியும். அந்த நாழிகையை எனக்குத் தந்துவிட்டால் ஒரு துளி வீணாகாமல் பார்த்துக்கொள்வேன்."

மன்னர் சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் பறந்தன. "தந்தோம்!" என்றார். அரசர் முன்னால் யாரும் உட்காரக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம். அன்று முதல் தாண்டவராயருக்கு மட்டும் பட்டு மெத்தை போட்டார்கள். நாள்தோறும் சபை நடுவே ஒரு நாழிகை அவர் உட்காரலாம். செண்பகவல்லிக்குப் பட்டுச் சேலையும், வெள்ளிக் கிண்ணம் நிறையப் பாயசமும் வீடு தேடிப் போயின.

தாண்டவராயர் உட்காரும் நாழிகையை அளக்கும் பொறுப்பைச் சம்பிரதி தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்று கிண்ணத்தை மிதக்க விடுவார். கிண்ணம் முங்கிய பிறகும் விகடர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தால், மணியடிக்காமல் கொஞ்சம் பொறுத்திருப்பாராம்.